கூந்தலும் மல்லிகையும்: டிவி படத்தைச் சரிசெய்யும் அறிவியல்

ஜோகூர் மாநிலத் தெப்ராவில் அக்கா வீட்டுக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் 55 அங்குல டிவி ஒன்று வந்து இறங்கியது. சனிக்கிழமை மாலை நான் போய்ச் சேர்ந்தபோது அதில் ஒரு கல்யாணக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் முகம் கேரட் நிறம். மாப்பிள்ளையின் வேட்டி, நீலம் கூடிப்போன சலவை. பின்னால் கட்டியிருந்த வாழை இலை, பிளாஸ்டிக் பச்சை.

"கடையில பார்த்தப்போ அவ்வளவு அழகா இருந்துச்சு தம்பி. இங்க வந்ததும் எல்லாருக்கும் முகத்துல செம்மண் அப்பின மாதிரி இருக்கு. வேற பெட்டியை மாத்தி அனுப்பிட்டாங்களோ?" என்றார் அக்கா.

மாற்றி அனுப்பவில்லை, அதே பெட்டிதான். அக்கா சொன்ன இரண்டுமே உண்மை. கடையில் அது அழகாகத்தான் இருந்தது; வீட்டில் அழகாக இல்லை. ஒரே திரை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் டிவிக்குள் இருக்கிறது, மீதிப் பாதி நம் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் புரிந்துகொண்டால் போதும், ரிமோட்டை வைத்தே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

கடைக்குப் போட்ட அரிதாரம்

தெருக்கூத்துக் கலைஞர் முகத்தில் அரிதாரத்தை ஏன் அவ்வளவு கனமாகப் பூசிக்கொள்கிறார்? ராத்திரி வெளிச்சத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் புருவம் நெரிவது தெரிய வேண்டும். அதே அரிதாரத்தோடு அவர் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட உட்கார்ந்தால் குழந்தை அலறிவிடும்.

கடையில் வைத்திருக்கும் டிவியும் அரிதாரம் பூசியதுதான். தலைக்கு மேல் வரிசை வரிசையாக விளக்குகள். பக்கத்திலேயே இன்னும் பத்துத் திரைகள். அவற்றுக்கிடையே வாங்க வருபவரின் கண்ணை இழுக்க, டிவிக்குள் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்று ஒரு பட நிலை வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் உச்சத்தில், நிறம் தூக்கலாக, வெள்ளை நீலம் கலந்து, ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல. வெளிச்சம் கூடக்கூட அதே நிறம் இன்னும் செழிப்பாகத் தெரியும் என்பதை 1952இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் ஹன்ட் விளக்கினார். கண்ணின் இந்தப் பழக்கத்தால்தான் பத்துத் திரைகளில் பளிச்சென்று இருப்பது ஜெயிக்கிறது.

வீட்டு ஹாலில் ராத்திரி எரிவது ஒரே ஒரு டியூப் லைட். பக்கத்தில் போட்டிக்கு வேறு திரையும் இல்லை. அங்கே இந்த அரிதாரம் தேவையே இல்லை. ஆகவே முதல் வேலை அதைக் கழுவுவது. ரிமோட்டில் செட்டிங்ஸ், அதில் பிக்சர், அதில் பிக்சர் மோட். 'மூவி', 'சினிமா', 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றிவிடுங்கள். இயக்குநர் ஸ்டூடியோவில் எப்படிப் பார்த்து ஒப்புதல் கொடுத்தாரோ, அதற்கு மிக நெருக்கமாகக் காட்டும் நிலை இதுதான். டிவி நிறுவனங்களும் ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் சேர்ந்து பேசி 'ஃபிலிம்மேக்கர் மோட்'டை 2019இல் அறிவித்தன.

மாற்றிய மறுநொடி அக்கா முகம் சுளித்தார். "என்ன தம்பி, மங்கி மஞ்சளாப் போச்சு?" இந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

நீரிணையைத் தாண்டி வந்த வண்ணம்

டிவியோடு மல்லுக்கட்டுவது ஜோகூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. சரியாக 15 ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்றுதான் அது வண்ணத்துக்கு மாறியது. ஆனால் தெப்ராவ் நீரிணைக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 1974 ஜூலை 7 அன்றே உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தை வண்ணத்தில் காட்டிவிட்டார்கள். ஜோகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அலைவரிசைக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினால் அந்த நாட்டுப் படம் இந்த நாட்டு ஹாலுக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் படத்தைச் சரிசெய்வது என்றால் கூரை மேல் ஒருவர், வாசலில் ஒருவர், டிவி முன்னால் ஒருவர். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்!" "இப்ப?" "ஐயோ, போச்சு!" அனலாக் அலையில் எது கலந்தாலும் படத்தில் தெரியும். புள்ளி மழை, நிழல் உருவம், கரையும் நிறம் எல்லாம் வரும்.

இன்று அந்த வேலை இல்லை. சிங்கப்பூர் 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியது. மலேசியா 2019 அக்டோபர் 31க்குள் நாடு முழுவதும் நிறுத்திவிட்டது. இரு பக்கமும் இப்போது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறைதான். டிஜிட்டலில் படம் எண்களாக வருகிறது. வந்தால் முழுதாக வரும். வராவிட்டால் கட்டங்கட்டமாக உடைந்து நின்றுவிடும். நடுவில் நிறம் மட்டும் கெட்டு வர வழியில்லை. ஒரு சேனலில் மட்டும் நிறம் பிசகினால் அது அவர்கள் அனுப்பும் படத்தின் குணம். எல்லாச் சேனலிலும் முகம் சிவந்தால் கூரை ஏறிப் பயனில்லை. காரணம் ஹாலிலேயே, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. 'டின்ட்' என்ற அமைப்பைத் தொடாதீர்கள். அமெரிக்காவின் பழைய என்.டி.எஸ்.சி முறையில் நிறம் வழியிலேயே பச்சைக்கும் ஊதாவுக்கும் நழுவும். அதைத் திருப்பிப் பிடிக்கத்தான் அந்தத் திருகாணி. மலேசியாவும் சிங்கப்பூரும் எடுத்துக்கொண்ட 'பால்' (PAL) முறை அந்த நழுவலைத் தானே சரிசெய்துகொண்டது. டிஜிட்டலில் அதற்கு வேலையே இல்லை.

கண்ணாடிக் கோயிலும் படப்புள்ளியும்

ஜோகூர் பாருவில் தெப்ராவ் சாலைக்கு அருகே அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில் இருக்கிறது. 1922இல் சிறு குடிலாகத் தொடங்கி, 2009இல் கண்ணாடிக் கோயிலாகத் திறக்கப்பட்டது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெள்ளை என்று சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகளைச் சுவரிலும் கூரையிலும் பதித்திருக்கிறார்கள். கிட்டப் போனால் துண்டு துண்டாகத் தெரியும். நாலடி தள்ளி நின்றால் பூவும் கொடியுமாக இணைந்துவிடும்.

டிவி திரையும் இதே கதைதான். 4கே திரை ஒன்றில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 படப்புள்ளிகள். மொத்தம் 8,294,400. கோயிலின் கண்ணாடித் துண்டுகளைப் போல 27 மடங்குக்கும் மேல். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சன்னல்கள். மூன்றே நிறம் எப்படிப் போதும்? நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகைதான். மூன்றையும் எந்த விகிதத்தில் தூண்டுகிறோமோ, அதுவே மூளைக்கு நிறம். மூன்று வண்ண வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி, ஒரு ரிப்பனின் நிறங்களை 1861இலேயே காட்டிவிட்டார் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

எல்சிடி டிவியில் இந்தச் சன்னல்களுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் வெள்ளை எல்இடி விளக்குகள் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். அதுதான் 'பேக்லைட்'. சன்னலைத் திறப்பதும் மூடுவதும் திரவப் படிகத்தின் வேலை. இந்த விசித்திரப் பொருளை 1888இல் முதலில் கவனித்தவர் ஃபிரெட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலாளர். பிராக் நகரில் ஒரு கொழுப்புச் சேர்மத்தை அவர் சூடாக்கினார். 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் மறுபடி மாறித் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல், ஓடுவதில் திரவம், ஒழுங்கில் படிகம்.

இந்தக் கதையில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றும் உண்டு. சர் சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர், பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் இருந்தவர். அதுவரை திரவப் படிகத்தின் மூலக்கூறு என்றால் குச்சி போல நீண்டிருக்கும் என்றே எண்ணியிருந்தார்கள். தட்டு போல வட்டமான மூலக்கூறுகளும் திரவப் படிகம் ஆகும் என்று 1977இல் அவரும் சகாக்களும் காட்டினார்கள். பிற்பாடு அந்தத் தட்டு மூலக்கூறுகளால் செய்த மெல்லிய படலம், எல்சிடி திரையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் படம் வெளிறாமல் இருக்க உதவியது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். போலராய்டு வகைக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்சிடி டிவியைப் பார்த்தபடி தலையை மெல்லச் சாய்த்தால், ஒரு கோணத்தில் திரை இருண்டுபோகும். சன்னலின் இரு பக்கமும் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் படலங்கள் இருக்கின்றன. அவற்றின் இடையே திரவப் படிகம் ஒளியைத் திருப்பித் திருப்பி வழிவிடுகிறது. எவ்வளவு இறுக்க மூடினாலும் கதவிடுக்கில் கொஞ்சம் வெளிச்சம் கசியும். அதனால்தான் எல்சிடியில் கறுப்பு என்பது உண்மையில் மிக மங்கிய சாம்பல். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அங்கே கறுப்பு முழுக் கறுப்பு.

கூந்தலைப் பார், மல்லிகையைப் பார்

இப்போது ரிமோட்டுக்கு வருவோம். மெனுவில் உள்ள பெயர்களே பாதிக் குழப்பம். 'பிரைட்னஸ்' என்றால் வெளிச்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல டிவிகளில் அது வெளிச்சத்தைத் தொடுவதே இல்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான் முடிவு செய்கிறது. 'கான்ட்ராஸ்ட்' வெள்ளையின் உச்சத்தை முடிவு செய்கிறது. மொத்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது 'பேக்லைட்'. சில நிறுவனங்களின் புதிய பெட்டிகளில் பேக்லைட்டையே 'பிரைட்னஸ்' என்று எழுதி, கறுப்புக்கு 'பிளாக் லெவல்' என்று தனிப் பெயர் தருகிறார்கள். ஒரு புள்ளி ஏற்றிப் பாருங்கள். திரை முழுவதும் பளிச்சென்றால் அது விளக்கு. இருட்டான இடம் மட்டும் வெளிறினால் அது கறுப்பு.

முதலில் பேக்லைட். சாதாரண டிவி நிகழ்ச்சிகளை ஸ்டூடியோவில் 100 நிட் உச்ச வெளிச்சத்தை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மெழுகுவர்த்தி அளவு ஒளி என்றால் அது சுமாராக ஒரு நிட். திரையரங்கின் வெண்திரை 48 நிட்தான். இருட்டில் அதுவே கண் நிறையத் தெரிகிறது. விவிட் நிலையில் டிவி இதைப் போலப் பல மடங்கு வெளிச்சத்தைக் கொட்டும். ராத்திரி வழக்கமாக எரியும் விளக்கை மட்டும் எரியவிட்டு, வெள்ளைக் காட்சி வந்தால் கண் கூசாத அளவுக்குப் பேக்லைட்டை இறக்குங்கள்.

அடுத்தது கறுப்பும் வெள்ளையும். இதற்காக பிபிசி பொறியாளர்கள் கறுப்பை ஒட்டிய சில பட்டைகள் கொண்ட ஒரு சோதனைப் படத்தையே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அது தேவையில்லை. தமிழ்ப் படத்தில் அதைவிட நல்ல சோதனைப் படம் ஒன்று அடிக்கடி வரும்: முதுகுப் பக்கம் காட்டி நிற்கும் ஒரு பெண்ணின் பின்னலும், அதில் வைத்த மல்லிகைச் சரமும். திரையின் மிகக் கறுத்த பொருளும் மிக வெளுத்த பொருளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. புதிய, தெளிவான படமாகப் பார்த்து அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

கூந்தலை மட்டும் பார்த்துப் பிரைட்னஸை இறக்குங்கள். இழைகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே மையப்பிய திட்டாக மாறும். இப்போது ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். பின்னலின் முறுக்கும் இழையும் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இன்னும் ஏற்றினால் கூந்தல் சாம்பல் பூத்துவிடும். பிறகு மல்லிகை. கான்ட்ராஸ்டை ஏற்றினால் பூக்கள் எல்லாம் ஒரே பஞ்சுப் பொதி ஆகும்; இறக்கிக்கொண்டே வந்தால் இதழ் இதழாகப் பிரியும். பிரிந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது சற்று நகரும் என்பதால் இரண்டு முறை போய்வர வேண்டும்.

அக்கா வீட்டில் பிரைட்னஸ் மூன்று புள்ளி ஏறியதும், அதுவரை கரிய திட்டாக இருந்த கதாநாயகனின் அம்மா தலையில் நரை தெரிந்தது. "இந்த அம்மாவுக்கு இவ்வளவு வயசு ஆயிடுச்சா?" என்றார் அக்கா. படம் பிடித்தவர் காட்டியதைத் திரை இவ்வளவு நாள் விழுங்கிக்கொண்டிருந்தது.

எவ்வளவு செய்தும் கறுப்பு சாம்பலாகவே நிற்கிறதா? அப்படியானால் டிவிக்கும் ஆஸ்ட்ரோ பெட்டி போன்ற வெளிப்பெட்டிக்கும் பேச்சு ஒத்துப்போகவில்லை என்று பொருள். டிவி ஒளிபரப்பில் 0 முதல் 255 வரையான எண்களில், கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எழுதுவது மரபு. பெட்டி 16ஐக் கறுப்பு என்று அனுப்ப, டிவி 0தான் கறுப்பு என்று எடுத்துக்கொண்டால் படம் முழுக்கத் தூசி படிந்ததாகத் தெரியும். தலைகீழாக நடந்தால் இருட்டுக் காட்சிகள் மைக்குள் மூழ்கிவிடும். 'எச்டிஎம்ஐ பிளாக் லெவல்' அல்லது 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்ற இடத்தில் மாற்றிப் பார்த்தால் சரியாகிவிடும்.

'காமா' என்று ஒன்று இருக்கும். இருட்டறையில் ஒரு விளக்கோடு இன்னொன்று ஏற்றினால் அறையே மாறும்; நூறு விளக்கோடு ஒன்று ஏற்றினால் பட்டப்பகலில் விளக்கேற்றியது போலத்தான். கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் எண்ணுவதில்லை, விகிதத்தில் அளக்கிறது. குஸ்டாவ் ஃபெக்னர் 1860இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். கறுப்பில் இருந்து வெள்ளைக்கு ஏறும் படிக்கட்டை இந்தக் கண்ணுக்கு ஏற்ப அமைப்பதுதான் காமா. விளக்கெரியும் ஹாலுக்கு 2.2, விளக்கணைத்த அறைக்கு 2.4. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

டியூப் லைட் சொல்லும் வெள்ளை

இனி அக்காவின் கேள்வி. மூவி நிலையில் படம் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது?

வெள்ளையில் பல வெள்ளை உண்டு; அவற்றைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். மெழுகுவர்த்தியின் வெளிச்சம் சுமார் 1,900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2,700. மேக மூட்டமான பகல் 6,500. எண் ஏற ஏற நீலம் கூடும். டிவி நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் 6,500 கெல்வின் வெள்ளையை வைத்தே தயாரிக்கிறார்கள். கடை நிலையில் டிவி அதை 10,000 கெல்வின் வரை இழுத்துச் செல்லும். காரணம் நம் வீட்டுச் சலவையிலேயே இருக்கிறது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோமே, எதற்கு? லேசான நீலம் கலந்த வெள்ளையைக் கண் 'இன்னும் வெளுப்பு' என்று எடுத்துக்கொள்கிறது. கடை டிவி நீலம் போட்ட டிவி. அந்த வெள்ளைக்கு நடுவே முகம் வெளிறிப்போகுமே என்று, சிவப்பையும் தூக்கிவிடுகிறார்கள். அக்கா பார்த்த செம்மண் முகம் வந்த வழி இதுதான்.

நீல வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை மஞ்சளாகப் படும். உண்மை எது என்று காட்ட அக்கா வீட்டு டியூப் லைட்டே போதுமானதாக இருந்தது. மலேசிய வீடுகளில் பரவலாக எரியும் 'டேலைட்' குழல்விளக்கின் மேல் 865 என்றோ 6500கே என்றோ அச்சிட்டிருக்கும். 65 என்பது 6,500 கெல்வின். அதன் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, திரையில் வெள்ளைப் பின்னணி ஒன்றை வரவழைத்தேன். 'கூல்' நிலையில் திரை தாளைவிட நீலமாக இருந்தது. 'வார்ம் 2'க்கு மாற்றியதும் தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே நிறம். மெனு 'சூடான வெள்ளை' என்று பேர் வைத்திருப்பது நம் தலைக்கு மேல் தினமும் எரிகிற அதே வெள்ளைதான்.

இருந்தாலும் முதல் நாள் மஞ்சள் உணர்வு போகாது. கூம்பு செல்கள் மூன்றும் தம் கூருணர்வைச் சூழலுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளும். பழைய வழக்கம் மறைய மூளைக்கும் சில நாள் தேவை. அதனால் ஒரு வேண்டுகோள்: வார்ம் நிலைக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் கை வைக்காதீர்கள். பிறகு பழைய நிலைக்குப் போய்ப் பாருங்கள். எது பிசகு என்று உங்கள் கண்ணே சொல்லும்.

'கலர்' அமைப்பைத் தொழிற்சாலை வைத்த நடு எண்ணிலேயே விடலாம். சந்தேகம் வந்தால் மனசுக்குப் பழகிய நிறங்களைப் பாருங்கள். யாரோ கட்டிய புடவை உண்மையில் என்ன சிவப்பு என்று நமக்குத் தெரியாது. ஆனால் மஞ்சள் கிழங்கு, வாழை இலை, நம்மவர் முகம், இவற்றின் நிறம் பிறந்ததில் இருந்து பழக்கம். ஜேடிடி அணியின் காற்பந்து ஆட்டம் ஓடும்போது புல்தரை ஒளிர் பேனாவின் பச்சையில் மின்னினால் நிறம் கூடிவிட்டது. பழைய படத்தை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது. பழைய படச்சுருளில் சாயம் மங்குவது இயல்பு. அந்த மங்கலுக்கு டிவியைத் திருத்தினால் மற்ற எல்லாம் கெடும்.

டிவி தானாகச் சேர்க்கும் சரக்கு

'ஷார்ப்னஸ்' ஏற்றினால் படம் தெளிவாகும் என்பது பொது நம்பிக்கை. இல்லாத விவரத்தை டிவியால் உண்டாக்க முடியாது. ஓரம் வரும் இடத்தில் ஒரு வெளிர் கோடும் ஒரு கருங்கோடும் இழுத்துவிடும், அவ்வளவுதான். செய்திச் சேனலில் அடியில் ஓடும் தமிழ் எழுத்தை உற்றுப் பாருங்கள். 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் வளைவைச் சுற்றி வெள்ளை நிழல் தெரிந்தால் ஷார்ப்னஸ் அதிகம். நிழல் மறையும்வரை இறக்குங்கள். சில பெட்டிகளில் அது பூஜ்யத்தில் மறையும், சிலவற்றில் நடுவில்.

அதே அடிவரி பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறதா? அது 'ஓவர்ஸ்கேன்'. படக்குழாய் காலத்தில் ஓரங்கள் கோணலாக விழுவதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். தட்டைத் திரைக்கு அது வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்ஸல்' என்று பெட்டிக்குப் பெட்டி பேர் மாறும். அதைப் போட்டால் ஓரமும் திரும்பி வரும், படமும் ஒரு படி கூர்மையாகும். கூடவே அகல விகிதத்தையும் கவனியுங்கள். எம்ஜிஆர் கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரை நிறைய இழுத்துவிட்டால் அவர் பருத்துப்போவார். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' (1973) முதல் இன்றுவரை வரும் அகலப் படங்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் செய்யும். திரையின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதற்குப் போகும். அது குறையில்லை, படத்தின் வடிவம்.

சினிமா நொடிக்கு 24 படங்களாக ஓடுவது. புதிய டிவிகள் இரண்டு படங்களுக்கு நடுவே தாமே ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகிவிடும். அசைவு வழுக்கிக்கொண்டு போகும். கோடி கோடியாய்ச் செலவழித்த படம் மெகா சீரியல் போலத் தெரியும். இதை நிறுத்தச் சொல்லி 2018இல் டாம் குரூஸே ஒரு காணொளி வெளியிட்டார். 'மோஷன்' என்று தொடங்கும் அல்லது முடியும் பெயர் எதுவாயினும் சினிமாவுக்கு அதை அணைத்துவிடுங்கள். பந்தாட்டத்துக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஹாலும் பெட்டியின் ஒரு பகுதிதான்

தெப்ராவ் பூமத்திய ரேகையில் இருந்து ஒன்றரை டிகிரிதான் தள்ளி இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 6.45க்கும் 7.20க்கும் இடையில் மறைந்துவிடும். அந்தி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. ஆறரை மணிக்கு ஹாலில் இருக்கும் வெளிச்சம் வேறு, ஏழே முக்காலுக்கு இருப்பது வேறு. ஒரே அமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது. பகலுக்கு 'ஸ்டாண்டர்ட்' நிலையைச் சற்றுத் தூக்கலாகவும், ராத்திரிக்கு 'மூவி' நிலையை அடக்கமாகவும் வைத்துக்கொள்வது எளிய வழி. அறை வெளிச்சத்தை அளந்து தானே மாற்றிக்கொள்ளும் சென்சாரை, சரிசெய்யும் அந்த அரை மணி நேரம் மட்டுமாவது அணைத்துவையுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒரு பக்கம் இழுக்க அது மறுபக்கம் இழுக்கும்.

அக்கா வீட்டில் டிவிக்கு நேர் எதிரே சாமி மேடை. அதில் எந்நேரமும் எரியும் சிவப்பு பல்பு திரையின் கறுப்பில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. எந்த அமைப்பாலும் அதை எடுக்க முடியாது. அத்தான் டிவியை ஒரு சாண் திருப்பி வைத்தார்; பல்பு திரையை விட்டு நகர்ந்தது. அன்று செய்ததிலேயே பலன் அதிகம் தந்தது அதுதான்.

மின்கட்டணத்திலும் பட நிலைக்குப் பங்கு உண்டு. எல்சிடி டிவி எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி பேக்லைட்டுக்கே போகிறது. மலேசியாவில் 2013 முதல் டிவிகளும் குறைந்தபட்ச மின்திறன் விதிக்குள் வந்துவிட்டன. பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டு அதைச் சேர்ந்ததுதான். எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் விவிட் நிலையில் ஓட்டினால் அந்தச் சிக்கனம் வீணாகும்.

கடைசியாகச் சில எச்சரிக்கைகள். பல டிவிகளில் நீங்கள் செய்த மாற்றம் அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். ஆஸ்ட்ரோ பெட்டிக்குச் செய்தது ஆன்டெனாவுக்கும் இணையப் படங்களுக்கும் தானாகப் போகாது. 'எச்டிஆர்' என்ற உயர் வெளிச்ச வகைப் படம் ஓடும்போது மெனுவே தனியாக மாறும். அங்கே பேக்லைட் உச்சத்தில் இருப்பது முறைதான், அதை இறக்க வேண்டாம். 'வைட் பேலன்ஸ்' என்று இருபது எண்களோடு வரும் பக்கத்தைக் கண்ணால் சரிசெய்ய முடியாது. நிறம் அளக்கும் கருவி இருந்தால் தவிர அங்கே போகாதீர்கள்.

மற்றபடி எதைத் தொட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. 'ரீசெட்' அமுக்கினால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கமாக எரியும் விளக்கை எரியவிட்டு உட்காருங்கள். முதலில் பிக்சர் மோடை மாற்றுங்கள். பிறகு பேக்லைட், கூந்தல், மல்லிகை, வெள்ளைத் தாள், ஓடும் எழுத்து என்ற வரிசையில் போங்கள். முடிந்ததும் எண்களை ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ரிமோட்டை எடுத்து எதையாவது மாற்றிவிட்டால், அந்தத் தாள் உதவும்.